கடலுக்கடியில் கப்பல் விட்ட கதாசிரியர்

முத்துக் கடலைக் காணாமலே எழுதிய ஜூல்ஸ் வெர்ன்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த பழைய காலத்தில், கடலுக்குள் இறங்க மனிதனுக்கு இருந்த சாதனம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கல்.

கனமான அந்தக் கல்லில் கயிறு கட்டியிருக்கும். குளியாள் கல்லின் மேல் காலை ஊன்றி நிற்பார். மூச்சை நன்றாக இழுத்துக் கொள்வார். மூக்கைப் பிடித்துக் கொள்வார். கயிற்றைத் தளர்த்தியதும் கல் அவரைக் கடலின் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ளிக் கூடையில் போடுவார். ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனதும் கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் கயிற்றை இழுக்க, குளியாள் மேலே வருவார்.

அந்த ஒரு நிமிடம்தான் அவருடைய பிழைப்பு. கயிறு பிடிப்பவர் கவனம் தவறினால் அதுவே அவருடைய முடிவு.

இந்தக் குளியாள்களைப் பற்றி ஏழு கடலுக்கு அப்பால் ஒருவர் கதை எழுதினார். அவர் மன்னார் வளைகுடாவைக் கண்ணால் கண்டதில்லை. இந்தியாவுக்கு வந்ததும் இல்லை. ஆனாலும் அவர் எழுதிய கதையால், முத்துக் குளிக்கும் ஏழை மனிதனின் பாடு உலகம் முழுவதும் தெரிந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கிய மனிதனுக்கு, மீனின் துடுப்பைப் போலத் தகடுகள் வைத்து நீருக்குள் ஏறி இறங்கும் கப்பலையும் அவர் கற்பனையில் கட்டிக் கொடுத்தார்.

அவர்தான் பிரெஞ்சு நாட்டு நாவலாசிரியர் ஜூல்ஸ் வெர்ன்.

துறைமுகத்துப் பிள்ளை

ஜூல்ஸ் வெர்ன் 1828-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் நாந்த். லுவார் நதிக்கரையில் உள்ள துறைமுகப் பட்டணம் அது.

தந்தை பியேர் வெர்ன் ஒரு வக்கீல். தாய் சோபியின் குடும்பத்தில் கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் இருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே பாய்மரக் கப்பல்கள் வந்து நிற்கும். சரக்கு இறங்கும். தூர தேசத்து வாசனைகள் காற்றில் வரும். இவற்றைப் பார்த்துப் பார்த்துச் சிறுவன் ஜூல்சுக்குக் கடல் மேல் ஆசை வளர்ந்தது.

ஆனால் மூத்த மகன் தன்னைப் போலவே வக்கீலாக வேண்டும் என்று தந்தை முடிவு செய்திருந்தார். தம்பி பால் கடற்படையில் சேர்ந்தார். அண்ணன் ஜூல்ஸ் 1848-ல் சட்டப் படிப்பை முடிக்கப் பாரிஸ் நகருக்குப் போனார்.

படிப்பை முடித்தார். பட்டமும் வாங்கினார். ஆனால் மனம் கோர்ட்டில் நிற்கவில்லை. நாடகம் எழுதினார். புகழ்பெற்ற எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் நட்புக் கிடைத்தது. 1850-ல் வெர்னின் நாடகம் ஒன்று அவருடைய உதவியால் மேடை ஏறியது.

1852-ல் தந்தை தம்முடைய வக்கீல் தொழிலையே மகனுக்குக் கொடுக்க முன்வந்தார். கை நிறைய வருமானம். ஊரில் மதிப்பு. மகன் வேண்டாம் என்று சொல்லி விட்டார். நாடகக் கொட்டகை ஒன்றில் காரியதரிசி வேலை பார்த்துக்கொண்டு, அரைப் பட்டினியில் எழுதினார்.

1857-ல் திருமணம் நடந்தது. மனைவி ஹொனோரின் இரண்டு பெண் குழந்தைகளுடன் இருந்த விதவை. குடும்பத்தைக் காப்பாற்ற வருமானம் வேண்டுமே! பங்கு மார்க்கெட்டில் தரகு வேலைக்குச் சேர்ந்தார். 1861-ல் மகன் மிஷேல் பிறந்தான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து எழுதுவார். பிறகு பங்கு மார்க்கெட்டுக்குப் போவார். நேரம் கிடைத்தால் நூல் நிலையத்துக்குப் போய், பூகோளம், கப்பல், யந்திரம், விண்மீன் பற்றிய நூல்களைப் படித்துக் குறிப்பு எடுப்பார். இந்தக் குறிப்புகளே ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. பின்னாளில் இவைதாம் அவருக்குச் சொத்தாயின.

பலூனில் கிடைத்த புகழ்

1862-ல் ஹெட்ஸல் என்ற பதிப்பாளரை வெர்ன் சந்தித்தார். அவருடைய வாழ்க்கையை மாற்றிய சந்திப்பு இது.

பலூனில் ஏறி ஆப்பிரிக்காவைக் கடக்கும் மூன்று மனிதர்களைப் பற்றி வெர்ன் ஒரு கதை எழுதியிருந்தார். ஹெட்ஸல் அதைப் படித்தார். திருத்தச் சொன்னார். 1863 ஜனவரியில் 'பலூனில் ஐந்து வாரம்' என்ற அந்த நூல் வெளிவந்தது. அமோகமாக விற்றது.

அப்போது வெர்னுக்கு வயது 34. ஆண்டுதோறும் இத்தனை நூல்கள் என்று ஹெட்ஸல் ஒப்பந்தம் செய்து கொண்டார். பங்கு மார்க்கெட்டை விட்டு வெளியேறினார் வெர்ன். பூமியின் மையத்துக்குப் போவது, சந்திரனுக்குப் போவது என்று அடுத்தடுத்துக் கதைகள் வந்தன. சிறுவர்களும் படித்தார்கள். பெரியவர்களும் படித்தார்கள்.

ஆகாயம் ஆயிற்று, பூமிக்கு உள்ளேயும் ஆயிற்று. மிச்சம் இருந்தது கடல். பிரபல பிரெஞ்சு எழுத்தாளரான ஜார்ஜ் சாண்ட் என்ற அம்மையார், கடலுக்கு அடியிலும் வாசகர்களைக் கொண்டு போகும்படி வெர்னுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1865-ல் வந்த அந்தக் கடிதம் வெர்னின் மனத்தில் விதையாக விழுந்தது.

கண்காட்சியில் கண்ட கப்பல்

நீருக்குள் போகும் கப்பல் அக்காலத்தில் முற்றிலும் புதிய விஷயம் அல்ல. அமெரிக்கரான ராபர்ட் புல்டன் 1800-ல் பிரெஞ்சு நாட்டில் ஒரு சிறு நீர்மூழ்கியைச் செய்து காட்டினார். ஆட்கள் கையால் சுற்றி ஓட்டும் படகு அது. அதற்கு அவர் 'நாட்டிலஸ்' என்று பெயர் வைத்தார். நாட்டிலஸ் என்பது ஒரு கடல் உயிர். அதன் சங்கு போன்ற ஓட்டுக்குள் பல அறைகள் உண்டு. அந்த அறைகளின் உதவியால் அது நீரில் மிதந்து ஏறும், இறங்கும்.

1863-ல் பிரெஞ்சுக் கடற்படை ஒரு பெரிய நீர்மூழ்கியைக் கடலில் இறக்கியது. அழுத்தி அடைத்த காற்றின் விசையால் அது ஓடியது. 1867-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் அதன் மாதிரி வைக்கப்பட்டிருந்தது. வெர்ன் அங்கே போயிருந்தார்.

அதே ஆண்டில் அவர் தம்பி பாலுடன் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற ராட்சசக் கப்பலில் ஏறி அமெரிக்கா போய் வந்தார். கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்ட கப்பல் அது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1870-ல், பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கடல் தந்திக் கம்பி போட்டதும் அதே கப்பல்தான்.

பிறகு வெர்ன் ஒரு சிறு மீன்பிடிப் படகை வாங்கினார். அதற்கு மகன் பெயரையே சேர்த்து 'சேன் மிஷேல்' என்று பெயரிட்டார். வக்கீலாகாத அந்த மனிதர் கடைசியில் மாலுமியாகி விட்டார். அலையில் ஆடும் படகில் குப்புறப் படுத்துக்கொண்டு, கடலுக்கு அடியில் நடக்கும் கதையை எழுதினார்.

'கடலுக்கடியில் இருபதாயிரம் காதம்' என்பது கதையின் பெயர். 1869 மார்ச் முதல் 1870 ஜூன் வரை அது பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. இருபதாயிரம் காதம் ஆழத்துக்குப் போன கதை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. நீருக்குள் இருந்தபடியே கப்பல் ஓடிய தூரம் அது. பிரெஞ்சுக் கணக்கில் ஒரு காதம் நான்கு கிலோமீட்டர். ஆகவே மொத்தம் 80,000 கிலோமீட்டர். பூமியை இரண்டு முறை சுற்றும் தூரம்!

துடுப்பு வைத்த கப்பல்

கதையில் வரும் கப்பலுக்கும் நாட்டிலஸ் என்றே பெயர். அதை ஓட்டுகிறவன் நெமோ. நெமோ என்றால் லத்தீன் மொழியில் யாரும் இல்லை என்று அர்த்தம். ஊரும் பேரும் சொல்லாத மர்ம மனிதன்.

சுருட்டைப் போல இருபுறமும் கூம்பிய கப்பல். நீளம் 70 மீட்டர். அகலம் 8 மீட்டர். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எஃகுக் கூடுகள். மின்சாரத்தால் ஓடும். மின்சாரத்துக்கு வேண்டிய சோடியத்தைக் கடல் நீரிலிருந்தே எடுப்பதாக வெர்ன் எழுதினார். தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி பாத்தியாக விளைகிறதே அந்த உப்பு, அதில் பாதி சோடியம்தான் என்றால் வியப்பாக இருக்கும்! சரியாகச் சொன்னால், எடையில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம்.

கப்பல் மூழ்குவதற்கு இரண்டு வழிகளை வெர்ன் சொன்னார்.

முதல் வழி, தொட்டி. கப்பலுக்குள் தொட்டிகள் இருக்கும். அவற்றில் கடல் நீரை நிரப்பினால் கப்பல் கனத்து இறங்கும். நீரை வெளியேற்றினால் மிதந்து ஏறும். குளியாளின் கல் செய்கிற வேலையைத் தொட்டித் தண்ணீர் செய்கிறது.

இரண்டாவது வழிதான் விசேஷமானது. கப்பலின் இடுப்புப் பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகடுகள். உள்ளிருந்தே அவற்றைச் சாய்க்கலாம். தகட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்து முன்னே ஓட்டினால் கப்பல் சரிந்து இறங்கும். மேல்நோக்கிச் சாய்த்தால் சரிந்து ஏறும். பருந்து சிறகைச் சாய்த்து வட்டமிடுவது போல. மீன் துடுப்பை அசைத்துத் திரும்புவது போல.

இதை எழுதிய காலத்தில் ஆகாய விமானம் பிறக்கவில்லை. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-ல்தான். ஆனால் நீரும் காற்றைப் போல ஓடும் பொருள் என்பதையும், சிறகு இரண்டிலும் வேலை செய்யும் என்பதையும் வெர்ன் புரிந்து வைத்திருந்தார்.

மன்னார் வளைகுடாவில்

இந்தக் கப்பல் உலகம் சுற்றி வரும்போது இலங்கைக் கரைக்கு வருகிறது. அங்கே ஒரு நாள் விடியுமுன், நெமோவும் அவனிடம் அகப்பட்டிருக்கும் மூன்று பேரும் காற்றுப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு மன்னார் முத்துப் பாரில் இறங்குகிறார்கள்.

காற்றுப் பெட்டியும் முழுக் கற்பனை அல்ல. ருக்கெரோல், டெனெரூஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1860-களில் உண்மையிலேயே செய்த சாதனம் அது. வெர்ன் அதைக் கொஞ்சம் மெருகேற்றிக் கொண்டார்.

கடலின் அடியில் ஒரு குகை. அதற்குள் ஒரு பிரமாண்டமான சிப்பி. அதற்குள் தேங்காய் அளவு முத்து! நெமோ அதைப் பார்க்கிறான். எடுக்கவில்லை. இன்னும் வளரட்டும் என்று விட்டு விடுகிறான்.

திரும்பும் வழியில், தலைக்கு மேலே ஒரு சிறு தோணி தெரிகிறது. ஒரு ஏழை இந்தியக் குளியாள் தனியாக வந்திருக்கிறார். முத்துக் குளிக்கும் பருவம் இன்னும் தொடங்கவில்லை. வயிற்றுப் பாட்டுக்காக முன்கூட்டியே வந்து விட்டார். காலில் கல். இடுப்பில் கயிறு இல்லை. கயிறு பிடிக்க ஆளும் இல்லை. கல்லில் கட்டிய கயிற்றின் மறுமுனை தோணியில் கிடக்கிறது. மூழ்குகிறார், சில சிப்பிகளைப் பறிக்கிறார், ஏறுகிறார், மறுபடியும் மூழ்குகிறார்.

திடீரென்று ஒரு பெரிய சுறா பாய்கிறது. குளியாள் விலகிக் கொள்கிறார். ஆனால் சுறாவின் வால் அவர் மார்பில் அடித்துத் தரையில் வீழ்த்துகிறது. சுறா திரும்பி வருகிறது.

நெமோ கத்தியை உருவிக்கொண்டு குறுக்கே பாய்கிறான். மனிதனும் மீனும் கட்டிப் புரள்கின்றனர். நீர் சிவக்கிறது. நெமோவே மாண்டு போவான் என்ற நிலையில், நெட் லாண்ட் என்ற திமிங்கில வேட்டைக்காரன் ஈட்டியை எறிந்து சுறாவைக் கொல்கிறான்.

நெமோ எழுந்ததும் முதல் வேலையாகக் குளியாளைத் தூக்கிக்கொண்டு தோணிக்கு ஏறுகிறான். உடம்பைத் தேய்த்து உயிர்ப்பிக்கிறான். குளியாள் கண் விழித்ததும், ஒரு முத்துப் பையை எடுத்து அவர் கையில் வைக்கிறான். ஏழை மனிதர் நடுங்கும் கையால் அதை வாங்கிக் கொள்கிறார்.

மனித இனத்தையே வெறுத்துக் கடலுக்குள் ஓடியவன், ஒரு கூலியாளுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தது ஏன்? அந்தக் குளியாள் நசுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவர், தானும் கடைசி மூச்சு வரை அந்த நாட்டைச் சேர்ந்தவனே என்று நெமோ காரணம் சொல்கிறான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

கதையும் நிஜமும்

வெர்ன் புத்தகங்களைப் படித்தே முத்துக்குளிப்பைத் தெரிந்து கொண்டவர். கல், கயிறு, மூச்சு, காதிலும் மூக்கிலும் கசியும் ரத்தம் எல்லாவற்றையும் எழுதினார். குளியாளுக்குக் கிடைக்கும் கூலி மிகவும் அற்பம் என்பதையும், அவர்கள் சீக்கிரம் கிழடு தட்டிப் போவதையும் மறக்காமல் எழுதினார்.

நிஜத்தில் முத்துக்குளிப்பு ஒரு திருவிழாவைப் போல நடக்கும். சர்க்கார் அதிகாரிகள் முதலில் பார்களைச் சோதிப்பார்கள். விளைந்த சிப்பி நிறைய இருந்தால்தான் அறிவிப்பு வரும். பல ஆண்டுகள் ஒன்றும் இல்லாமலே போவதும் உண்டு. அறிவிப்பு வந்தால் தூத்துக்குடிக் கரையிலிருந்து பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும் தோணி தோணியாகப் போவார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுகிற கடற்கட்டியும் கரையில் இருப்பார். அவர் இல்லாமல் குளியாள்கள் கடலில் இறங்க மாட்டார்கள்.

எடுத்த சிப்பியில் பெரும்பங்கு சர்க்காருக்கு. சிறுபங்கே குளியாளுக்கு. பாண்டியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறியது. முத்து பெரிய இடத்துக்குப் போய்ச் சேர்வது மட்டும் மாறவில்லை.

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதன் பிறகு பார்களில் சிப்பி போதிய அளவு விளையவில்லை. சங்கு குளிப்பது மட்டும் தொடர்ந்தது.

நெமோ யார்?

நெமோவை ஒரு போலந்து நாட்டுப் பிரபுவாக ஆக்க வேண்டும் என்பதே வெர்னின் முதல் எண்ணம். 1863-ல் போலந்து மக்கள் ரஷ்ய ஆட்சியை எதிர்த்துக் கலகம் செய்தார்கள். கலகம் கொடூரமாக அடக்கப்பட்டது. அதில் குடும்பத்தை இழந்து கடலுக்குள் மறைந்தவன் நெமோ என்று வெர்ன் நினைத்தார்.

பதிப்பாளர் ஹெட்ஸல் பயந்து விட்டார். ரஷ்யாவில் வெர்னின் நூல்கள் நன்றாக விற்றுக் கொண்டிருந்தன. அந்த விற்பனை போய்விடும். வேண்டுமானால் நெமோ அடிமை வியாபாரிகளின் எதிரியாக இருக்கட்டும் என்றார்.

வெர்ன் ஒப்புக் கொள்ளவில்லை. இருவருக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. கடைசியில், நெமோ எந்த நாட்டான் என்பதையே சொல்லாமல் விட்டு விடுவதென்று முடிவாயிற்று. பெயரில்லாத மனிதன் பிறந்தது இப்படித்தான்.

ஐந்து ஆண்டுகள் கழித்து 1875-ல் வெர்ன் அந்த முடிச்சை அவிழ்த்தார். 'மர்மத் தீவு' என்ற நாவலில், கிழவனாகி விட்ட நெமோ சாகும் தறுவாயில் தன் கதையைச் சொல்கிறான்.

அவன் ஓர் இந்தியன்! பெயர் இளவரசன் தக்கார். பந்தேல்கண்ட் ராஜாவின் மகன். திப்பு சுல்தானுக்கு உறவினன். ஐரோப்பாவில் படித்து விஞ்ஞானம் கற்றவன். 1857-ல் ஆங்கிலேயரை எதிர்த்து வாள் எடுத்தவன். போரில் தோற்றான். மனைவி, மக்களை இழந்தான். விசுவாசமான சிலருடன் தனித் தீவுக்குப் போய் நாட்டிலஸைக் கட்டினான்.

பந்தேல்கண்ட் எங்கே, மைசூர் எங்கே என்று கேட்டால் கதை நிற்காது. ஆனால் அக்காலத்து ஐரோப்பியக் கதைகளில் இந்தியன் என்றால் வேலைக்காரனாகவோ மந்திரவாதியாகவோ வருவதே வழக்கம். உலகத்தின் தலைசிறந்த யந்திரத்தைக் கட்டிய மேதை ஓர் இந்தியன் என்று எழுத வெர்னுக்குத் துணிவு இருந்தது.

மன்னார் கடலில் நெமோ ஏன் பாய்ந்தான் என்பதும் வாசகர்களுக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியது. சுறாவின் வாயில் சிக்க இருந்தவர் அவனுடைய சொந்த நாட்டுச் சகோதரர்!

புகழும் துன்பமும்

1872-ல் 'எண்பது நாளில் உலகப் பிரயாணம்' வெளிவந்தது. வெர்னுக்கு அதுவே பெரும் வெற்றி. அந்தக் கதை பம்பாயில் இறங்கிக் கல்கத்தா வரை இந்தியாவைக் கடக்கிறது. உடன்கட்டை ஏற்ற இருந்த இளம் பெண்ணைக் காப்பாற்றும் கட்டத்தைப் படிக்காதவர் இல்லை. அது நாடகமாகவும் நடந்து பணம் குவிந்தது.

1889-ல் நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகை நிருபர், கதையில் உள்ளதை நிஜத்தில் செய்து காட்டக் கிளம்பினார். வழியில் வெர்னையும் சந்தித்தார். கொழும்பு வழியாகப் போய், 72 நாட்களில் உலகைச் சுற்றி முடித்தார்!

ஆனால் வீட்டில் வெர்னுக்கு நிம்மதி இல்லை. மகன் மிஷேல் அடங்காப் பிள்ளையாக வளர்ந்தான். தந்தையார் அவனைச் சீர்திருத்தப் பள்ளியில் சேர்த்தார். பிறகு 1878-ல் இந்தியா நோக்கிச் செல்லும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். இந்தியாவைப் பற்றி அத்தனை எழுதியும் இந்தியாவைக் காணும் பாக்கியம் தந்தைக்கு இல்லை. தண்டனையாக மகனுக்குக் கிடைத்தது!

1886-ம் ஆண்டு வெர்னுக்குக் கெட்ட ஆண்டு. பிப்ரவரியில், தாம் உயிராக நேசித்த நீராவிப் படகை விற்று விட்டார். மார்ச் 9-ந் தேதி வீட்டு வாசலில் அவரைத் துப்பாக்கியால் சுட்டார் ஒருவர். சுட்டது வேறு யாரும் அல்ல. தம்பியின் மகன் காஸ்தோன். அவருக்குப் புத்தி பேதலித்திருந்தது. குண்டு காலில் பாய்ந்தது. அதை எடுக்க முடியவில்லை. சாகும் வரை வெர்ன் காலை இழுத்து இழுத்தே நடந்தார்.

எட்டு நாள் கழித்து, படுக்கையில் கிடந்த அவருக்கு மற்றொரு இடி. ஹெட்ஸல் இறந்து விட்டார்.

கடலை இழந்த வெர்ன் கரையில் வேலை தேடிக் கொண்டார். அவர் குடியிருந்த அமியான் நகரில் 1888-ல் நகரசபை உறுப்பினரானார். பல ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். எழுத்தையும் விடவில்லை.

சிறகு முளைத்த படகு

1904-ல் 'உலகத்தின் எஜமானன்' என்ற நாவல் வந்தது. வெர்னுக்கு அப்போது 76 வயது. சர்க்கரை நோய் முற்றியிருந்தது. கண் பார்வை மங்கியிருந்தது.

ஆனால் கற்பனை மங்கவில்லை. இந்தக் கதையில் வரும் யந்திரம் ரோட்டில் கார் போல ஓடும். நீரில் படகு போல மிதக்கும். நீருக்குள் மூழ்கும். ஆபத்து வந்தால் மடக்கி வைத்த சிறகுகளை விரித்து ஆகாயத்தில் பறக்கும்! நீளம் பத்து மீட்டர்தான். ரோபர் என்ற கர்வக்கார விஞ்ஞானி அதை ஓட்டுகிறான். இடி மின்னலுக்குள்ளேயே அதைச் செலுத்தி அழிந்து போகிறான். யந்திரம் எவ்வளவு பெரிதானாலும் அதை ஓட்டுகிறவனுக்கு அடக்கம் வேண்டும் என்பதே அந்தக் கதை.

1905-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி அமியான் நகரில் ஜூல்ஸ் வெர்ன் காலமானார். வயது 77. ஐம்பதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியிருந்தார்.

அவர் இறந்த மறு ஆண்டு, 1906-ல், தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெர்னின் கதையில் ஓர் இந்தியன் ஆங்கிலேயரை எதிர்த்துக் கடலில் கப்பல் விட்டான். முத்துக் கடலின் கரையில் ஓர் இந்தியர் அதை மெய்யாகவே செய்து காட்டினார்.

கற்பனை மெய்யானது

வெர்னின் கதையைச் சிறு வயதில் படித்த அமெரிக்கர் ஒருவர் நீர்மூழ்கி கட்டுவதே தம் வாழ்க்கை என்று முடிவு செய்தார். அவர் பெயர் சைமன் லேக். 1898-ல் அவருடைய நீர்மூழ்கி திறந்த கடலில் வெற்றிகரமாகப் பயணம் செய்தது. வெர்ன் அவருக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார். லேக்கின் பிற்காலக் கப்பல்களில், வெர்ன் சொன்னது போலவே பக்கவாட்டில் சாயும் தகடுகள் இருந்தன.

1954-ல் அமெரிக்கா அணுசக்தியால் ஓடும் முதல் நீர்மூழ்கியைக் கட்டியது. அதற்கு வைத்த பெயர் நாட்டிலஸ்! 1958 ஆகஸ்டு 3-ந் தேதி அது பனிப் பாறைகளுக்கு அடியில் புகுந்து வடதுருவத்தைக் கடந்தது.

வெர்ன் சொன்ன எல்லாம் பலிக்கவில்லை. நாட்டிலஸ் 16,000 மீட்டர் ஆழம் போனதாக எழுதினார். உலகக் கடலின் மிக ஆழமான இடமே சுமார் 11,000 மீட்டர்தான். 1960 ஜனவரி 23-ந் தேதி 'திரியெஸ்டே' என்ற கலத்தில் இருவர் அந்த இடத்தைத் தொட்டார்கள். அது இரும்புக் குண்டுகளைச் சுமந்து இறங்கி, அவற்றை உதறிவிட்டு மேலே ஏறியது. குளியாளின் கல்லைப் போலவே!

1996-ல் கிரகாம் ஹாக்ஸ் என்ற பொறியியலாளர் ஒருவர் மட்டும் ஏறும் சிறகு நீர்மூழ்கியைச் செய்து காட்டினார். பார்வைக்குச் சின்ன விமானம். ஆனால் சிறகைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார். விமானத்தின் சிறகு மேலே தூக்கும். இந்தச் சிறகு கீழே இழுக்கும். கலம் தண்ணீரை விடச் சற்று லேசானது. ஓடினால்தான் இறங்கும். மோட்டார் நின்று போனால் தானாகவே மேலே மிதந்து வந்துவிடும். தொட்டி தேவையில்லை, கல்லும் தேவையில்லை. கழுகைப் போல வளைந்து திரும்பலாம். ஆனால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் குறை. நின்று நிதானமாகச் சிப்பி பொறுக்க அது உதவாது!

இந்தியாவும் ஆழ்கடலில் இறங்கத் துணிந்தது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு செல்ல, சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 'மத்ஸ்யா 6000' என்ற கலத்தை வடிவமைத்தது. அதற்குப் பயிற்சியாக, 2025 ஆகஸ்டில் இரண்டு இந்தியர்கள் அட்லாண்டிக் கடலில் மூழ்கினார்கள். ஒருவர் 4,000 மீட்டருக்கும், மற்றவர் 5,000 மீட்டருக்கும் கீழே போய், பத்திரமாக மேலே வந்தார்கள்.

அவர்கள் ஏறிச் சென்றது பிரெஞ்சு நாட்டுக் கலம். அதன் பெயர் 'நோத்தீல்'. நாட்டிலஸ் என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் அதுதான் சொல்.